பிள்ளை வரமும் மாத்திரையும்

(வாரக் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு மூடநம்பிக்கை என்பதாகும். வழக்கம்போல் ஜோசியத்தையும் சகுனத்தையும் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு நாம் இறங்கிவிடலாம். நீங்களும் வழக்கம்போல் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் இன்று அப்படிப் பேச நமக்கு மனம் வரவில்லை. நமது சொந்தக் குடும்பத்தில் நடந்த, இன்னும் நடந்துகொண்டிருக்கிற ஒரு காரியத்தைச் சொல்லி, அதில் மாமியாருக்கும் பூசாரிக்கும் எவ்வளவு பங்கு உண்டோ ஏறக்குறைய அவ்வளவு பங்கு பகுத்தறிவு பேசித் திரிகிற நமக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதற்காகவே இந்த மேடையை உபயோகித்துக் கொள்ளுகிறோம். சம்பந்தப்பட்ட பெண் நமது தங்கை. அவளுடைய சம்மதத்தின் மேல்தான் பேசுகிறோம். "என் பேரை மட்டும் சொல்லாதீங்க அண்ணா, மத்ததெல்லாம் சொல்லுங்க" என்றாள்.

அவளுக்கு வயது 31. கலியாணமாகி ஐந்து வருஷம் ஆகின்றது. வயதுக்கு வந்த நாள் முதலே மாதவிடாய் என்பது அவளுக்கு மாதத்துக்கு ஒரு முறை வந்ததே கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோதான் வரும். நம் வீட்டில் அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கலியாணத்துக்குப் பிறகுதான் அது ஒரு கொடுமையாக மாறிற்று. எப்படியென்றால், நாள் தள்ளிப் போகும்போதெல்லாம் மாமியார் வீட்டில் ஒரு சந்தோஷம் கிளம்பும். நாற்பது நாள் ஆயிற்று, நாற்பத்தைந்து நாள் ஆயிற்று என்று விரல் விட்டு எண்ணுவார்கள். தூக்காதே, குனியாதே என்று உபசாரம் நடக்கும். ஐம்பதாவது நாள் விலக்காகி விடுவாள். அன்று அந்த வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும். பிள்ளையே உண்டாகாத ஒருத்தி, வருஷத்துக்கு ஐந்து தடவை பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் போல் பார்க்கப்பட்டால் அவள் மனம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு வழக்கமான யாத்திரைகள் ஆரம்பமாயின. ஜாதகத்தைப் பார்த்தவன் நாகதோஷம் என்றான். அரச மரத்தடியில் கல் நாகர் வைத்தார்கள். மரக்கிளையில் சிறு தொட்டில் கட்டினார்கள். ராமேசுவரத்தில் அத்தனை தீர்த்தத்திலும் முழுக்காட்டினார்கள். சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடந்தாள். இந்தச் சஷ்டி விஷயத்தில் நடக்கும் புரட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பது அடுப்படியில் பிறந்த பழமொழி. சட்டியில் சோறு இருந்தால்தான் கரண்டியில் வரும் என்பதற்கு மேல் அதில் ஒரு ரகசியமும் கிடையாது. அதை நமது பிரசங்கிகள் பிடித்து, சட்டி என்றால் சஷ்டி, அகப்பை என்றால் அகத்தே இருக்கும் கருப்பை, ஆகவே சஷ்டியில் விரதமிருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்று வியாக்கியானம் செய்துவிட்டார்கள். சட்டியும் கரண்டியும் படித்திருந்தால் இவர்கள் மேல் மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும்.

கடைசியாக ஓர் ஆடி மாதத்தில், தங்கை ஒரு கோயிலில் மண்சோறு தின்றாள். இலையில்லாமல் வெறுந்தரையில் சோற்றைப் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வாரித் தின்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செய்தி கேட்டு நாம் ஆத்திரத்துடன் போய், கோழிகூட மண்ணைத் தள்ளிவிட்டுத்தானே தின்கிறது என்று ஏளனமாய்க் கேட்டோம். அவள் சொன்ன பதில் இதுதான்: "அங்கே என் மாமியார் பக்கத்துல உட்கார்ந்து எனக்காக அழுதாங்க அண்ணா. அஞ்சு வருஷமா நீங்க எனக்குக் குடுத்தது ரெண்டு புஸ்தகமும் இந்தப் பேச்சுந்தான். என் உடம்புக்கு என்னன்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

தோழர்களே! இருபது வருஷமாக எதிரிகள் போட்ட கேள்விகளுக்கெல்லாம் மேடையில் பதில் சொல்லியிருக்கிறோம். இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. மூடநம்பிக்கையைப் பிடுங்கி எறி என்று சொன்னோமே தவிர, பிடுங்கிய இடத்தில் எதை நடுவது என்று நாம் யோசிக்கவே இல்லை.

நிற்க. இந்த நாட்டில் பிள்ளையில்லாமைக்குப் பெண்தான் பொறுப்பு என்பது நேற்று ஏற்பட்டதல்ல. மலடி என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கின்றது. மலடன் என்ற சொல்லும் அகராதியில் இருக்கத்தான் இருக்கின்றது; அதைச் சொல்லி எந்த ஆண்பிள்ளையையாவது கலியாணப் பந்தலில் ஒதுக்கி வைத்ததுண்டா? பிள்ளை பெறாத மனைவியை எட்டாவது வருஷத்தில் தள்ளி வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளலாம் என்று மனுதர்மம் இடம் கொடுக்கின்றது. பிள்ளை கொடுக்க முடியாத புருஷனை எத்தனையாவது வருஷத்தில் மாற்றுவது என்று அதில் கணக்கில்லை. தசரதன் கதையைத்தான் பாருங்களேன். மூன்று பட்டத்து மனைவிமாருக்கும் பிள்ளையில்லை. மூவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஓர் ஆசாமி. அப்படியிருந்தும் யாகத்தில் வந்த பாயசத்தை மனைவிமார் மூவருக்கும்தான் பங்கு போட்டார்களே ஒழிய, ராஜாவுக்கு ஒரு கரண்டி கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு ரிஷிக்கும் தோன்றவில்லை!

இனி வியாதிக்கு வருவோம். நாமும் மைத்துனரும் தங்கையை டவுனுக்கு அழைத்துப் போனபோது, ஸ்கேன் செய்து "நீர்க்கட்டி" என்றார்கள். இந்தப் பெயரே பாதி வினையைச் செய்கின்றது. ஜனங்கள் இதைக் கர்ப்பப்பையில் வந்த கட்டி என்று நினைத்துக்கொண்டு, அறுத்து எடுத்தால் சரியாகிவிடுமா, புற்றாகிவிடுமா என்று நடுங்குகிறார்கள். உண்மையில் அது கர்ப்பப்பையில் இருப்பதுமில்லை, கட்டியுமில்லை. கர்ப்பப்பைக்கு இரு பக்கத்திலும் உள்ள சினைப்பைகளில் மாதந்தோறும் பல முட்டைக் குமிழ்கள் வளர ஆரம்பிக்கும். மற்றப் பெண்களுக்கு அவற்றில் ஒன்று முந்தி வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒன்றும் முந்தாமல், எல்லாம் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. அப்படி நின்றுபோன குமிழ்கள்தான் ஸ்கேனில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன. முட்டை வெளிவராததால் மாதவிடாய் தள்ளிப் போகின்றது. இவர்களில் பலருடைய உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதனால் இன்சுலின் அதிகமாகச் சுரந்து, சினைப்பையை ஆண்தன்மைச் சுரப்பை மிகுதியாகச் செய்யும்படி தூண்டுகின்றது. மோவாயில் முடி முளைப்பதும் முகப்பரு வருவதும் இதனால்தான். பிற்காலத்தில் நீரிழிவு வரவும் இதில் இடமிருப்பதால், பிள்ளை வேண்டாம் என்கிற பெண்ணும் இதைக் கவனிக்க வேண்டியது அவசியமாகும்.

இது நாகரிகத்தால் வந்த புது நோய் என்று சிலர் சொல்லுவார்கள். இத்தாலியில் வாலிஸ்நேரி என்ற வைத்தியர் 1721-லேயே, பிள்ளையில்லாத ஒரு குடியானவப் பெண்ணின் சினைப்பைகள் புறா முட்டை அளவு பெருத்து வெளுத்திருந்ததை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குடியானவப் பெண் எந்த நாகரிகத்தைக் கண்டாள்? 1935-இல் சிக்காகோ நகரில் ஸ்டீன், லெவந்தால் என்ற இரு வைத்தியர்கள் ஏழு பெண்களைச் சோதித்து இதை ஒரு தனி வியாதியாக வகைப்படுத்தினார்கள். இன்று உலகத்தில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகவும், அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை தங்களுக்கு இது இருப்பதையே அறியாதவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்லுகின்றது. பத்துப் பேரில் ஒருத்திக்கு நாகதோஷம் பிடிக்க இத்தனை நாகங்கள் எங்கே இருக்கின்றன?

முதலில் போன இடத்தில் குளோமிஃபீன் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். 1961 முதல் அறியப்பட்டு, பல தேசங்களில் பல லட்சம் பெண்கள் சாப்பிட்ட மருந்துதான். மருந்தின் மேல் நாம் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஏழு மாதம் கொடுத்தவர்கள், முட்டை வெளிவருகிறதா என்று ஒரு மாதமாவது ஸ்கேனில் பார்க்கவில்லை. புருஷனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. மாதம் தவறாமல் சீட்டு எழுதினார்கள், நாமும் மாதம் தவறாமல் பணம் கொடுத்தோம். விபூதி கொடுக்கிறவனிடம் இதைவிட என்ன அதிகமாக நடக்கின்றது?

பிறகு போன பெண் டாக்டர் ஒருவர்தான் கணக்கோடு பேசினார். அவர் எழுதியது லெட்ரோசோல் என்ற மாத்திரை. 2023-இல் வெளியான சர்வதேச வைத்திய வழிகாட்டியும் இந்த வியாதியில் முட்டை வெளிவரச் செய்வதற்கு முதல் மருந்தாக இதையே சொல்லுகின்றது. இது வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதை ஐந்து நாளைக்குத் தடுத்து வைக்கின்றது. உடனே மூளையடியிலுள்ள சுரப்பி, "அடடா, சினைப்பை தூங்குகிறது போலும்" என்று எண்ணி, முட்டையை வளர்க்கும் சுரப்பை அதிகமாக அனுப்புகின்றது. அந்த உந்தலில் ஒரு குமிழ் முந்தி வளர்கின்றது. அவ்வளவுதான். கரு பதியும் நாளுக்குள் மருந்து பெரும்பாலும் உடம்பை விட்டுப் போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு கலகம் நடந்தது. மருந்துக் கடைப் பையன் ஒருவன், இது மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையாயிற்றே என்று மாமியாரிடம் சொல்லிவிட்டான். வீடு இரண்டுபட்டது. அவன் சொன்னது பொய்யல்ல; முதலில் இது அதற்குத்தான் வந்தது. 2005-இல் ஒரு மகாநாட்டில், இதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்கு ஊனம் அதிகம் என்று ஒரு சிறு கணக்கைக் காட்டிப் பேசினார்கள். மறு வருஷமே 911 குழந்தைகளைப் பார்த்து, குளோமிஃபீன் சாப்பிட்டவர்களின் குழந்தைகளைவிட இவர்களுக்கு ஊனம் அதிகமில்லை என்று கண்டார்கள். ஆனாலும் 2011-இல் இந்திய அரசாங்கம் பிள்ளைப்பேற்றுக்காக இதைக் கொடுக்கக் கூடாதென்று தடுத்து, பிறகு அந்தத் தடையை எடுத்துவிட்டது. சந்தேகம் வந்தால் எண்ணிப் பார்ப்பதும், எண்ணியதில் தப்பிருந்தால் திரும்ப எண்ணுவதுமான இந்த வழக்கம் எந்தக் கோயிலில் உண்டு? நாகர் சிலை வைத்த ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குப் பிள்ளை பிறந்தது, வைக்காத ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குப் பிறந்தது என்று எந்தத் தர்மகர்த்தாவாவது எழுதி வைத்திருக்கிறாரா?

சரி, எண்ணியவர்கள் சொன்ன எண்ணைக் கேளுங்கள். 2014-இல் அமெரிக்காவில் இந்த வியாதியுள்ள 750 பெண்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஐந்து மாத முறை வரை மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். லெட்ரோசோல் சாப்பிட்ட 374 பேரில் 103 பேருக்குக் குழந்தை பிறந்தது. குளோமிஃபீன் சாப்பிட்ட 376 பேரில் 72 பேருக்குப் பிறந்தது. அதாவது நூற்றுக்கு 27, நூற்றுக்கு 19. அவர்கள் பெரும்பாலும் மிகவும் பருத்த உடம்புக்காரர்களாதலால், எண் நம்மூர்ப் பெண்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் நல்ல மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிட்டும், அந்த ஐந்து மாதத்தில் பிள்ளை பெறாதவர்கள் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் என்பதைக் கவனியுங்கள். அந்த எழுபது பேரும் என்ன பாவம் செய்தார்கள்? சரியாகச் சாப்பிடவில்லையா? மனதில் நம்பிக்கையில்லையா? மாத்திரை என்பது வரமல்ல. அது ஒரு வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிற பொருள். (சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினை மாத்திரம் கொடுத்து ஆறு மாதம் பார்த்த 2007-ஆம் வருஷத்துக் கணக்கில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் குழந்தை பிறந்தது. அது உடம்புக்கு வேறு வகையில் நன்மை செய்யலாம். பிள்ளைக்கு அதை மட்டும் நம்பிக் காத்திருப்பவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்க வேண்டும்.)

இதில் இன்னொரு சங்கதி இருக்கின்றது, ஆண்பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். அந்த 750 பெண்களையும் சேர்த்துக்கொள்வதற்கு முன், ஒவ்வொருத்தியின் கருக்குழாயும் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒவ்வொரு புருஷனுடைய விந்தையும் எண்ணிப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். அப்படிப் பார்த்துக் கொடுத்தே நூற்றுக்கு 27 என்றால், புருஷனைப் பாராமலே பெண்ணுக்கு ஏழு மாதம் மாத்திரை கொடுப்பதற்கு என்ன பெயர்? நமது மைத்துனர் நல்ல மனுஷர். நமது கூட்டங்களுக்கெல்லாம் வருகிறவர். பெண்ணுரிமை பற்றி நாம் பேசும்போது முதலில் கை தட்டுகிறவர். பரிசோதனை என்றவுடன் எட்டு மாதம் சாக்குச் சொன்னார். அவரைச் சொல்லிக் குற்றமென்ன? தங்கைக்கு ஊசி, ரத்தம், ஸ்கேன், குழாய்ச் சோதனை என்று எத்தனையோ ஆயிற்று. அவருக்கு ஒரு சின்னப் புட்டி, அதற்கே இத்தனை மானக்கேடு. கடைசியில் போனார். முடிவு என்ன என்று நீங்கள் கேட்கலாம். தங்கை உடம்பைப் பற்றி ஊரறியப் பேசிவிட்டு மைத்துனர் உடம்பை மட்டும் மறைப்பது நியாயமல்ல என்று எண்ணி அவரையே கேட்டோம். "நான் சிகரெட்டை விட்டுட்டேன்னு மட்டும் சொல்லுங்க மச்சான்" என்றார். சொல்லிவிட்டோம்.

இனி நமது குற்றத்தின் இரண்டாம் பாகம். மருந்து ஆரம்பித்த பிறகு நாம் ஓயவில்லை. மாதாமாதம் நாள் குறித்து வைத்துக்கொண்டு, "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று டெலிபோனில் கேட்க ஆரம்பித்தோம். விஞ்ஞானம் ஜெயிக்க வேண்டுமே, மாமியார் முன்னால் நமது கட்சி தோற்கக் கூடாதே என்ற கவலை! இரண்டாவது மாதம் விலக்கானபோது அவள் நம்மிடம் நான்கு நாள் சொல்லவேயில்லை. நேரில் போய்க் கேட்டபோது, "சாமிக்குப் பயந்த மாதிரி இப்போ உங்களுக்குப் பயமா இருக்கு அண்ணா" என்றாள். மாமியார் நாள் எண்ணினால் மூடத்தனம், நாம் எண்ணினால் பகுத்தறிவா? கோயில் வாசலில் கூண்டில் நின்றவளைக் கைப்பிடித்து இறக்கி, ஆஸ்பத்திரி வாசலில் வேறொரு கூண்டில் ஏற்றினோம். அன்று முதல் நாம் கேட்பதை நிறுத்திவிட்டோம். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம்.

அவள் மாத்திரையைச் சாமி படத்துக்கு முன் வைத்து எடுத்துத்தான் விழுங்குகிறாள் என்பதையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டிலேயே இப்படி நடக்கிறதென்று எதிரிகள் எழுதட்டும். ஐந்து நாள் தவறாமல் சரியான நேரத்தில் விழுங்குகிறாள், பன்னிரண்டாம் நாள் ஸ்கேனுக்குப் போகிறாள். படம் அதைத் தடுக்கவில்லை. தடுக்கிற நாள் வந்தால் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரி வேஷத்தில் வரும் பூசாரிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கொழுகொழுவென்று குழந்தைப் படம் போட்ட விளம்பரப் பலகைகளைப் பார்க்கிறீர்கள். நிச்சயம் என்று எவன் எழுதுகிறானோ அவனிடம் ஜாக்கிரதையாக இருங்கள். எண்ணிப் பார்த்தவன் எவனும் நிச்சயம் என்று எழுதமாட்டான். சிலர் இரட்டைப் பிள்ளை வேண்டுமென்று தாங்களாகவே மாத்திரையைக் கூட்டிச் சாப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி சீட்டைக் காட்டிக் கடையில் வாங்குகிறார்கள். இரட்டைக் கர்ப்பம் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்தைக் கூட்டுவது. ஊசி மருந்துகளில் சினைப்பை மிதமிஞ்சி வீங்கி உயிருக்கே மோசம் வருவதுமுண்டு. அந்த ஊசிக்கு ஒரு சரித்திரம் இருக்கின்றது. அந்தச் சுரப்பு, மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் மிகுதி. ஏராளமாக வேண்டியிருந்தபடியால் இத்தாலியில் வயதான கன்னியாஸ்திரீகள் இருந்த மடங்களில் சேகரித்து, அதிலிருந்து மருந்து செய்தார்கள். அந்த ஊசியால் முதல் குழந்தை 1962-இல் இஸ்ரேலில் பிறந்தது. பிள்ளையே பெறாத சந்நியாசினிகள் பிள்ளை வரம் கொடுத்தது உலக சரித்திரத்தில் அந்த ஒரு தடவைதான் என்று நாம் நினைக்கிறோம்; அதுவும் பிரார்த்தனையால் அல்ல.

உடம்பு பருத்திருப்பவர்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே சிலருக்கு முட்டை தானாக வெளிவர ஆரம்பிப்பதுண்டு. தங்கையையும் நடக்கச் சொன்னார் டாக்டர். சாயங்காலம் ஒரு பெண் தனியாகத் தெருவில் நடந்தால் எங்கே போகிறாள் என்று கேட்கிற ஊர் நம்முடையது. இப்பொழுது மைத்துனரும் கூட நடக்கிறார். சில நாள் மாமியாரும் வருவதாகக் கேள்வி.

பிள்ளையே வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அவள் பக்கம் நின்று பேசுகிறவர்கள் நாம். பெறுவது கடமை என்றோ, பிள்ளையில்லாதவள் புத் என்னும் நரகத்துக்குப் போவாள் என்றோ நாம் ஒருகாலும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு, பிள்ளை வேண்டுமென்று அழுகிற பெண்ணிடம் "பிள்ளையில்லாவிட்டால் என்ன?" என்று கேட்டது நமது சோம்பேறித்தனம். அவளுக்கு வேண்டும். யாருக்காகவும் அல்ல, தனக்கு வேண்டும் என்று நம்மிடம் சொன்னாள். அத்தோடு, இன்னும் எத்தனை மாதம் பார்ப்பது, எதற்குமேல் நிறுத்துவது என்பதையும் தானும் புருஷனுமாகத் தீர்மானித்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அதில் என்ன எண் இருக்கிறதென்று நாம் கேட்கவில்லை. இப்போது நடப்பது நான்காவது மாதம்.

டாக்டர் அம்மையார் ஒருவர் நம் அழைப்புக்கு இணங்கி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கேள்வி உள்ளவர்கள் பெயர் போடாமல் சீட்டில் எழுதி அனுப்பலாம். பின்பக்கத்து மேஜையில் காகிதமும் பென்சிலும் இரண்டு கட்டாக வைத்திருக்கிறோம். பெண்கள் பக்கத்துக் கட்டு அநேகமாகத் தீர்ந்துவிட்டதாகச் சொல்லுகிறார்கள். ஆண்கள் பக்கத்துக் கட்டு பிரிக்கப்படாமலே இருக்கிறதாம்.